பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒயிட்பீல்டு பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பின்புறத்தில், தொழிலாளர் குடியிருந்த தகரக் கொட்டகைகளுக்கு நடுவே, எங்கள் வகுப்பை முடித்துக்கொண்டு பேருந்துக்காக நின்றிருந்தோம். உடன் வந்த நண்பர், கையில் படிந்திருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதை நாம் செய்வதால், அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ நாமே வழி செய்து கொடுக்கிறோம் அல்லவா?”

மற்றொரு நண்பர் உடனே மறுத்தார். “அரசாங்கம் வரும் வரும் என்று காத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் வளர்ந்து சிமெண்டு சுமக்கப் போய்விடுவார்கள். நம்மால் ஆனதை நாம் செய்வதுதான் நல்லது.”

பேருந்து வந்துவிட்டது, வாதம் முடியவில்லை. அன்று நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதாகத் தோன்றியது. ஓராண்டாக அக்கேள்வி என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. கண்டதையும் படித்ததையும் கொண்டு நான் வந்தடைந்த முடிவை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் கல்வியியல் கற்றவனல்லன். வேதியியல் முதுகலை மாணவன். ஆயினும் இக்கேள்விக்கும் எனக்கும் பிறப்பிலேயே தொடர்பு உண்டு.

என் தந்தையார் கொத்தனார். செங்கம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, நான் சிறு குழந்தையாக இருந்தபோதே, அம்மாவும் அவரும் பெங்களூருக்கு வேலை தேடி வந்துவிட்டனர். என்னை மட்டும் ஊரில் ஆயாவிடம் விட்டு வந்தனர். காரணம் ஒன்றுதான். ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே மதியச் சோறும் இருந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டும் இல்லை. ஒன்றியப் பள்ளியின் சத்துணவுத் தட்டுத்தான் என்னைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. இன்று இந்தப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்ததும் அதுதான்.

அந்தத் தட்டு யார் தந்தது? அதன் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஓர் அணாச் சோறு

1920ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி தர மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது கட்டளை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு!

ஆனால் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு அது நின்றுபோயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிட அன்றைய ஆங்கில அரசாங்கம் இசையவில்லை. பயன் கண்கூடாகத் தெரிந்தும், மேலிருந்த அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமையால் உள்ளூர் மன்றத்தின் நல்ல முயற்சி ஒன்று அணைந்துபோயிற்று. இது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய முதற் செய்தி.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள். 1954இல் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். பொதுக்கல்வி இயக்குநராக அமைந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. மாடு மேய்த்த சிறுவன் ஒருவனைப் பார்த்து ‘ஏன் பள்ளிக்குப் போகவில்லை’ என்று காமராசர் கேட்டதாகவும், ‘போனால் சோறு யார் போடுவார்’ என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் ஆகுக. அதன் பின் நடந்ததே நமக்கு முக்கியம்.

அரசாங்கம் உடனே கருவூலத்தைத் திறந்துவிடவில்லை. திறக்கக் கருவூலத்தில் பணமும் இல்லை. முதலில் ஊர்களைக் கேட்டார்கள். அரிசி உள்ளவர் அரிசி கொடுத்தனர். விறகு உள்ளவர் விறகு கொடுத்தனர். காய்கறி விளைந்தவர் காய்கறி கொடுத்தனர். ஆசிரியர்கள் வீடுவீடாகச் சென்று கேட்டனர். 1956இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் இதைத் தொடங்கி வைத்தார். மக்கள் தாமே முன்வந்து செய்து காட்டிய பிறகு, அரசாங்கம் செலவின் பெரும்பங்கை ஏற்றது. எஞ்சிய பங்கை ஊரார் தொடர்ந்து கொடுத்தனர். 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியிலேயே நடந்தன. கூரை, நாற்காலி, கரும்பலகை, சுற்றுச்சுவர், பிள்ளைகளுக்குச் சீருடை என்று பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியல் எழுதி ஊரார் முன் படித்தனர்; ஊரார் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டனர். இத்தகைய மாநாடுகள் நூற்றுக்கு மேல் நடந்தன.

இதை நினைத்து நாம் பெருமைப்படுவது முறையே. ஆனால் அறிவியல் மாணவன் மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். செல்வம் உள்ள ஊரில் சோறு நன்றாக வந்தது. வறண்ட ஊரில், எந்தப் பிள்ளைக்குச் சோறு மிகத் தேவையோ அந்த ஊரில், கொடுப்பாரும் குறைவு. அன்பளிப்பின் இயல்பே அதுதான். 1961 முதல் ‘கேர்’ என்னும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் இத்திட்டத்துக்கு வரத் தொடங்கின. உதவி பெரிது. எனினும் வேறொரு நாட்டின் மிச்சத்தை நம்பிப் பசி தீர்ப்பது நிலையான ஏற்பாடு ஆகாது.

1982 சூலை முதல் நாள், திருச்சிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அன்றுதான் ஊரின் தருமம் என்ற நிலை மாறி, பள்ளிதோறும் சமையற்கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று சம்பளம் பெறும் ஆட்கள் ஏற்பட்டு, வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரியும் ஏற்பட்டது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டே மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 1920இல் ஒரு பள்ளியில் ஏற்றிய அடுப்பு நூறாண்டு கழித்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் எரிகிறது.

ஒரு மன்றம் தொடங்கியது. ஊர் மக்கள் செய்து காட்டினர். அரசாங்கம் அதை எல்லார்க்கும் உரியதாக்கியது. வரிசையை மறவாதீர்கள். எந்தப் படியைத் தவிர்த்திருந்தாலும் என் தட்டுக்குச் சோறு வந்திராது.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

சோறு பள்ளிக்கு இழுத்து வரும். எழுத்து? இங்கேயும் இரு கைகள் வேண்டியிருந்தன.

கேரளத்தில் சாத்திர சாகித்திய பரிசத்து என்னும் அறிவியல் இயக்கம் 1962 முதல் இயங்கி வருகிறது. அதன் தொண்டர்களும் மாவட்ட நிருவாகமும் கைகோத்து வேலை செய்ததனால், 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்துத் தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் பிறந்தது. 1991இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் சீலாராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் உடன் நின்றனர். ஆசிரியர்களும் மாணவர்களும் கிராமத்து இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் தொண்டர்களாயினர்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி மிதிவண்டியைப் பற்றியது. எழுதப் படிக்கக் கற்ற பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தார்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றனர். நெடுந்தூரம் நடந்து நீர் எடுத்து வந்தவளும், பேருந்துக்காக அரை நாள் காத்திருந்தவளும் சொந்தக் காலில் ஊர் கடந்து போகலானார்கள். கல் உடைத்துக் கூலி பெற்ற பெண்கள் சேர்ந்து தாமே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். எழுத்தறிவு என்பது கையெழுத்துப் போடுவது மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆயினும், இயக்கம் ஓர் அலை போன்றது. எழும், பிறகு அடங்கும். தொண்டர் திருமணமாகிப் போவர். வேலை கிடைத்துப் போவர். ஆட்சியர் மாற்றலாகிப் போவர். புதிதாகக் கற்றவர்க்குத் தொடர்ந்து படிக்க நூலகமும் பாடமும் அமையாத இடங்களில், கற்ற எழுத்து கைவிட்டுப் போயிற்று. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், பெருந்தொற்றால் பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடு செய்ய ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் மாலை வகுப்பு நடத்தினர். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அரும்பணிதான். ஆனால் அது பள்ளி ஆசிரியரின் இடத்தை நிரப்பும் மலிவான வழியாக மாறிவிடக் கூடாது என்று அன்றே சிலர் எச்சரித்தனர். அந்த எச்சரிக்கை நம் ஞாயிறு வகுப்புக்கும் பொருந்தும்.

நாம் வாழும் ஊரில்

பெங்களூருக்கு வருவோம். இவ்வூர் மக்கள் பலரும் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்றே அழைக்கும் இந்திய அறிவியற் கழகத்தின் பிறப்பே நம் கேள்விக்கு ஒரு விடை. பணம் கொடுக்க முன்வந்தவர் சாம்செட்சி டாடா. அவர் 1904இலேயே மறைந்தார். 371 ஏக்கர் நிலமும் ஆண்டு மானியமும் தந்தது மைசூர் அரசாங்கம். 1909இல் இந்திய அரசாங்கத்தின் ஆணை பிறந்தது. கொடையாளி ஒருவர், மன்னர் அரசாங்கம் ஒன்று, பேரரசு ஒன்று என்று மூவர் கூடியதால் எழுந்தது அது. மைசூர் அரசாங்கம் அதோடு நிற்கவில்லை. விசுவேசுவரையா திவானாக இருந்தபோது 1913இல் தொடக்கக் கல்விக்குச் சட்டம் செய்தது. 1916இல் பல்கலைக்கழகமும் கண்டது. உயர்கல்விக்கு ஒரு செல்வர் போதும். தொடக்கக் கல்விக்குச் சட்டம் வேண்டும் என்பதை அன்றைய மைசூர் உணர்ந்திருந்தது எனலாம்.

நம் காலத்துக்கு வந்தால், 2000ஆம் ஆண்டில் இந்நகரில் அட்சய பாத்திர அறக்கட்டளை ஐந்து அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 2001 நவம்பர் 28 அன்று, நாட்டிலுள்ள எல்லா அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்ததும் ஒரு மக்கள் அமைப்புத்தான். மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்பது அதன் பெயர். கருநாடக அரசாங்கம் 2002இல் தன் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அட்சய பாத்திர அறக்கட்டளை பல மாநிலங்களில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உணவு வழங்குகிறது. அரசாங்கம் தரும் தானியமும் மானியமும் இல்லாமல் இந்த அளவு கைகூடியிராது. ஒரே துறையில் ஒருவர் சமைத்துக் காட்டினார். ஒருவர் வழக்குத் தொடுத்தார். இரண்டும் தொண்டே.

இங்கே ஒரு சிக்கலும் எழுந்தது. அவ்வறக்கட்டளை தன் சமயக் கொள்கையின்படி முட்டை தருவதில்லை. வெங்காயம், பூண்டு சேர்ப்பதும் இல்லை. பிள்ளைகள் வீட்டில் உண்பது வேறு. தட்டில் விழுவது வேறு. பிள்ளையின் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? கொடுப்பவரா, உண்பவரா, ஊட்டச்சத்து அறிந்த மருத்துவரா? இது பற்றிச் சில ஆண்டுகள் பெரிய விவாதம் நடந்தது. கருநாடக அரசாங்கம் 2021இன் இறுதியில் சில மாவட்டங்களில் முட்டை வழங்கத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. 2024இல் அசீம் பிரேம்சி அறக்கட்டளை ஆயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் மூன்றாண்டுகளுக்குத் தர முன்வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வந்த முட்டை ஆறு நாளும் வரலாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு.

நல்ல செய்திதான். ஆனால் அன்பர்களே, ‘மூன்றாண்டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடைக்குக் கெடு உண்டு. பசிக்குக் கெடு இல்லை. அரசாங்கம் தவறினால் வாக்குச் சீட்டால் கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம், தகவல் கேட்டு மனுப் போடலாம். கொடையாளி நிறுத்தினால் நன்றி சொல்லி விடைபெறுவதைத் தவிர நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

அண்டை நாடுகளைப் பார்த்தால்

வங்காள தேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் 1985இல் இருபத்திரண்டு ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியது. ஓர் அறை, ஓர் ஆசிரியை, முப்பது பிள்ளைகள். ஆசிரியை அந்த ஊர்ப் பெண்ணே. பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். வயல் வேலைக்குத் தக்கபடி பள்ளி நேரம். அரசாங்கப் பள்ளியால் எட்ட முடியாத ஏழைச் சிறுமிகளை அது எட்டியது. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளாகப் பெருகி உலகமே வியக்கும்படி ஆயிற்று. பின்னாளில் வெளிநாட்டு நன்கொடை சுருங்கியபோது பள்ளிகளும் சுருங்கின.

இலங்கையின் கதை வேறு வகை. யாழ்ப்பாணத்தில் கிறித்தவ மிசனரிமார் பள்ளிகள் நடத்தினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். போட்டியால் கல்வி செழித்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கலாயிற்று. ஆனால் மலையகத் தோட்டங்களில் தேயிலை கிள்ளிய நம் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள்? அவர்களுடைய பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஏற்கத் தொடங்கியது. அதுவரை ஒரே தீவில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கல்லூரி வாயில் திறந்திருந்தது. மற்றொரு தமிழ்ப் பிள்ளைக்குக் கொட்டகைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பிள்ளையின் படிப்பை அவன் பெற்றோரின் முதலாளியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலையகம் சான்று.

இதைப் படித்தபோது ஒயிட்பீல்டு கொட்டகைகள்தான் என் கண்முன் வந்தன.

ஒரு சிறுமி

எங்கள் ஞாயிறு வகுப்புக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டல் கணக்கை விரல் விடாமல் போடுவாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிப்பாள். அவள் தாயிடம் ‘ஏன் பள்ளியில் சேர்க்கவில்லை’ என்று கேட்டேன்.

“சேக்கத்தான் போனேன் தம்பி. டி.சி. கொண்டாந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். ஊருக்குப் போய் வாங்கியாரணும்னா ரெண்டு நாள் கூலி போவும், பஸ்ஸுக்கு வேற காசு. இந்த வேலை முடியட்டும், பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்” என்றார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? ‘பரவாயில்லை அக்கா, நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்’ என்றேன். அதைச் சொன்னபோது சிறிது பெருமையாகவும் இருந்தது. பதினொரு வாரம் சொல்லிக் கொடுத்தோம். பன்னிரண்டாம் வாரம் போனபோது கொட்டகைகள் இல்லை. கட்டடம் முடிந்துவிட்டது. “எல்லாம் ஓசூர்ப் பக்கம் வேற சைட்டுக்குப் போயிட்டாங்க” என்றார் காவற்காரர். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சிறுமியின் பெயர் எங்கள் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது. எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருந்திருந்தால், அவள் வராது போன அன்று ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் இருந்திருப்பார். எங்கள் குறிப்பேட்டுக்கு அந்தக் கடமையும் இல்லை, அதிகாரமும் இல்லை.

பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். அரசியல் சட்டம் பத்தாண்டுக்குள், அதாவது 1960க்குள், பதினான்கு வயது வரை எல்லார்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. அது நிறைவேறவில்லை. 2002இல் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009இல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் சொல்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணங்காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தரவேண்டும். இடம் பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை.

இவ்வளவும் சட்டத்தில் இருந்தது. அந்தத் தாய்க்கு இது தெரியாது. ஐந்தாண்டு பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாதது குற்றமன்று.

வினையூக்கி

வேதியியலில் வினையூக்கி என்று ஒன்று உண்டு. மெல்ல நடக்கும் வினையை அது விரைவாக நடக்கச் செய்யும். ஆனால் வினைபடு பொருள் இல்லாத கலத்தில் எவ்வளவு வினையூக்கி இட்டாலும் ஒன்றும் விளையாது. மக்கள் அமைப்புகளை நான் அப்படித்தான் காண்கிறேன். ஒரே ஒரு வேற்றுமை: ஆய்வுக்கூடத்து வினையூக்கி தான் தேய்வதில்லை, தொண்டர் தேய்வர், களைப்பர், தேர்வு வந்தால் வகுப்பை நிறுத்துவர். ஆதலால் அவர்கள் செய்யத்தக்க வேலையைத் தேர்ந்து செய்யவேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும், எல்லா ஊரிலும், ஆண்டுதோறும் தருவது அரசாங்கம் ஒன்றினாலேயே ஆகும். வரி வாங்கும் உரிமையும், சட்டம் செய்யும் அதிகாரமும், ஊர்தோறும் கட்டடமும் அதனிடமே உள்ளன. கல்விக்கு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு வேண்டும் என்று 1966இல் கோத்தாரிக் குழு சொன்னது. இன்றும் அதை எட்டவில்லை. அந்தக் குறையை நன்கொடை உண்டியலால் நிரப்ப முடியாது.

முதலில் செய்து காட்டுவது, விடுபட்டவரைத் தேடிக் கண்டுபிடிப்பது, நடப்பதை அளந்து உரக்கச் சொல்வது, கேள்வி கேட்பது ஆகியவை மக்கள் அமைப்புகளால் ஆகும். பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்து வருகிறது. நாட்டுப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கவில்லை என்று 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. பள்ளிக்கு வந்துவிட்டால் போதாது என்ற செய்தியை நாட்டுக்கு உணர்த்தியது ஒரு மக்கள் அமைப்பு. அரசாங்கம் தன்னைத் தானே அப்படி அளந்துகொண்டு உரக்கச் சொல்வது அரிது.

நாம் செய்யத்தக்கது

இனி என் நண்பர்களின் வாதத்துக்கு என் விடை. ஞாயிறு வகுப்பு நடத்துவது தவறன்று. அதைப் பள்ளிக்கு மாற்றாக நினைத்ததுதான் தவறு. பள்ளிக்குச் செல்லும் வழியாக அது இருக்கவேண்டும்.

இவ்வாண்டு எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். புதிய கொட்டகைக்குப் போனதும் முதல் வாரம் பாடம் இல்லை, கணக்கெடுப்பு. பிள்ளையின் பெயர், வயது, ஊர், கடைசியாகப் படித்த பள்ளி ஆகியவற்றை எழுதிக்கொள்கிறோம். இரண்டாம் வாரம், விருப்பமுள்ள தாய்தந்தையருடன் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குச் செல்கிறோம். சட்டத்தின் கன்னடப் படியைக் கையில் வைத்துக்கொள்கிறோம். சண்டைக்கன்று, பணிவோடு காட்டுவதற்கு. ஒரு பள்ளியின் தலைமையாசிரியை அதைப் படித்துப் பார்த்துவிட்டு அன்றே நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். “இத்தனை நாளாக யாரும் கூட்டி வரவில்லையே” என்றுதான் அவர் கேட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. மறுத்தால், எழுத்தில் தரச் சொல்லி வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதலாம் என்பதையும் அறிந்து வைத்திருக்கிறோம்.

வகுப்பிலும் மாற்றம் செய்தோம். தமிழ் மட்டும் சொல்லிக் கொடுத்தவர்கள், இப்போது கன்னட எழுத்தையும் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கே பள்ளியில் அவர்கள் கேட்கப்போவது கன்னடம். தாய்மொழியை மறவாமலும், வாழும் ஊரின் மொழியைக் கண்டு அஞ்சாமலும் அப்பிள்ளைகள் வகுப்பில் உட்கார வேண்டும். நம் சங்கத்தில் இந்நகரிலேயே பிறந்து இரண்டு மொழியிலும் வல்ல அன்பர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் உதவிதான் எங்களுக்கு மிகவும் தேவை.

மூன்றாவது வேலை, பெற்றோரைப் பற்றியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே அதை எஸ்.டி.எம்.சி. என்பார்கள். கூலிக்குப் போகும் பெற்றோர் அக்கூட்டத்துக்குப் போவது எளிதன்று. ஒரு முறையேனும் போய் உட்காரச் சொல்கிறோம். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்பதையும் சொல்கிறோம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு அதற்கென்றே வாங்கப்படுகிறது. அவர்கள் அடுக்கிய செங்கல்லில் அவர்கள் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. அது தருமம் அன்று, அவர்களுக்கு உரியது.

பள்ளிக்கூடம் யார் பொறுப்பு என்று கேட்டால், அரசாங்கத்தின் பொறுப்பு என்பதே என் விடை. அந்தப் பொறுப்பை அது மறவாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. 1920இல் மாநகராட்சி மன்றத்தில் கை தூக்கியவர்களும், 1956இல் படியரிசி கொண்டு வந்து கொட்டியவர்களும், பின்னாளில் நீதிமன்றத்தின் படியேறியவர்களும் பார்த்த வேலை அதுதான். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களால்தான் நான் படித்தேன்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் பல்கலைக்கழக வாயிலிலிருந்து புறப்படுகிறோம். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வந்தால் போதும். ஓசூர்ப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களை அறிந்த அன்பர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி இப்போது பத்து வயதை எட்டியிருப்பாள். இன்னும் காலம் கடந்துவிடவில்லை.